கொல்லைப்புறத்து நித்தியகல்யாணி

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நித்தியகல்யாணிச் செடிகள் நாலைந்து உண்டு. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை, அவை பூக்காத நாளும் இல்லை. அதன் பூவையும் இலையையும் கஷாயமாக்கி நீரிழிவுக்குக் குடிப்பது என் பாட்டனார் வழக்கம். குணம் கண்டதா என்று கேட்டால், அவரும் கஷாயத்தை விடவில்லை. வியாதியும் அவரை விடவில்லை.

சென்ற ஆண்டு என் தம்பியின் ஆறு வயதுக் குமாரனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சிகிச்சை தொடங்கியதும் வாரம் ஒரு முறை 'வின்கிரிஸ்டின்' என்னும் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அது நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்! மாலையில் நான் வீடு திரும்பியபோது, என் தாயார் மடி நிறைய இலையுடன் அடுப்பண்டையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா, குழந்தையைக் குத்திக் குத்திப் புண்ணாக்குவானேன்? கொல்லையிலேதான் இருக்கிறதே!" என்றார்.

பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்த இலையின் கதையைச் சொன்னேன்.

1952-ஆம் வருஷம் ஜமைக்காத் தீவிலிருந்து கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே 25 நித்தியகல்யாணி இலைகள். அந்தத் தீவிலும் நீரிழிவுக்கு அதைத்தான் கொதிக்க வைத்துக் குடித்தார்களாம். என் பாட்டனார் தனியாளல்ல! கிளார்க் அந்த இலைகளைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட்டின் ஆராய்ச்சிசாலையில் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே புகட்டினார்கள். ரத்தத்துச் சர்க்கரை இம்மியும் அசையவில்லை. அத்துடன் கை கழுவியிருக்கலாம். ஆனால் ஊசி மூலமும் செலுத்திப் பார்த்தார்கள். சில நாட்களில் எலிகள் மாண்டன. உடலெங்கும் கிருமி பரவியிருந்தது. கிருமியைத் தடுக்க வேண்டிய வெள்ளையணுக்கள் குன்றிப் போயிருந்தன.

வெள்ளையணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதல்லவா ரத்தப் புற்றுநோய்? எலியைக் கொன்ற நஞ்சை அளந்து கொடுத்தால் நோயை அடக்கலாமே! சார்லஸ் பீர் என்னும் ரஸாயன நிபுணர் 1954-இல் வந்து சேர்ந்து, சாற்றைப் பிரித்துப் பிரித்து ஒரு பொருளை எடுத்தார். அந்த வின்பிளாஸ்டினைப் பற்றி 1958-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியார் தனி வழியில் இதே செடியை ஆராய்ந்து, பிறகு வின்கிரிஸ்டினையும் கண்டார்கள். 1963-இல் அது அங்கே அனுமதி பெற்றது.

"ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டுமாம். வின்கிரிஸ்டின் அதைவிட அரிது. நம் பையனுக்கு ஒரு தடவை ஏற்றுவது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. கொஞ்சம் மிஞ்சினாலும் நரம்பைக் கெடுக்கும். இலையில் இன்னும் நூறு விதமான சத்துக்கள் உண்டு. எது எவ்வளவு இறங்கும் என்று உன் கஷாயத்தை யார் அளப்பது?" என்று கேட்டேன்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆடுகூடக் கடிக்காத இலை என்று எனக்குத் தெரியாதா? மனசு கேட்கவில்லையடா" என்றார். மடியை உதறினார்.

சிகிச்சை இன்னும் முடியவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகிறான். அந்தச் செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்க அம்மா இப்போது விடுவதில்லை. தினமும் அதற்கு ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றுகிறார்.