சித்தாண்டியில் ஒரு விடுமுறைப் பாடசாலை

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே செல்லும் பெருவீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, மாவடிவேம்பு ஆகிய ஊர்களைக் கடந்தால், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் சித்தாண்டி வரும். வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் இந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழுவதும் படுவதுமே கரைகளுக்குப் பெயராயின. சித்தாண்டியைச் சூழ்ந்தவை வயல்கள். மாரியில் வெள்ளம் பெருகினால் அவை நீர்ப்பரப்பாகிவிடும். அப்பாலுள்ள ஊர்களுக்குத் தோணியே துணை.

ஊரின் உயிர்நிலை சித்திர வேலாயுத சுவாமி கோயில். அங்கு நிகழும் மயில்கட்டுத் திருவிழாவைக் காண அயலூரெல்லாம் திரளும். இம்முருகன் ஊருக்கு அருகே, சிறிய கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று நடத்திய விடுமுறைப் பாடசாலையில், சைவனாகிய நான் பத்து நாள் தொண்டு செய்தேன். "உமக்கு அங்கே என்ன வேலை?" என்று உறவினர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே.

இத்தகைய பாடசாலைகளின் தொடக்கம் அமெரிக்காவில். 1898இல் நியூயோர்க் நகரில் ஹாவ்ஸ் என்னும் அம்மையார், வேனில் விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைச் சிறுவருக்காக மதுக்கடை மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வேத வகுப்பு நடத்தினார். பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு ஆகியவற்றோடு வேதபாடமும் சேர்ந்த அம்முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று.

மட்டக்களப்புக்கோ கிறிஸ்தவரின் கல்விப்பணி அதனினும் பழையது. 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ற் பாடசாலை தொடங்கி, மறு ஆண்டே மறைந்தார். கல்வியோடு மதமாற்றமும் மிஷன்களின் நோக்கமாயிருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், காரைதீவில் 1892இல் மயில்வாகனன் எனப் பிறந்து கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவரே பின்னாளில் விபுலாநந்த அடிகளானார். புனித மிக்கேலில் ஆசிரியராகவும் இருந்த அவர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். கற்றதை மறுக்கவுமில்லை, தம் சமயத்தை விடவுமில்லை.

அந்த நினைவோடுதான் பாதிரியாரிடம் இரண்டு நிபந்தனைகள் கூறினேன். பிற சமயப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நிகழ்ச்சி நிரல் முழுவதையும் முன்னரே அறிவிக்க வேண்டும். அவர்கள் விரும்பாத பிள்ளைகள் வேதபாட வேளையில் என்னோடு வெளியே இருக்க வேண்டும். அவர் தயங்காது இசைந்தார். பத்து நாளும் சொல் தவறவில்லை.

ஆகவே, வேதபாட வேளையில் என் வகுப்பு மாமர நிழலில் கூடிற்று. தமிழ் வாசிப்பும் கணக்கும் கற்பித்தேன். தொழிற்பெயர்களை எழுதச் சொன்னபோது, நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் 'அத்தாங்கு' என்று எழுதி, இறால் வடிக்கும் அச்சிறு வலையை எப்படிப் பிடிப்பது என்று எனக்கே பாடம் நடத்தினான். உள்ளே பாட்டு ஓய்ந்ததும் இரு குழுவும் ஒன்றாகிக் கிளித்தட்டு விளையாடின. அப்போது யார் எந்தச் சமயம் என்று எவரும் கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு தாய் வாயிலில் நின்று, "நீங்க இரிக்கிறீங்க எண்டுதான் புள்ளைய விட்டன், சேர்" என்றார். அச்சொல் எனக்குப் பெருமையிலும் பெரும் பொறுப்பாகவே பட்டது. அச்சம் இருக்குமிடத்தில், இரு பக்கத்தாரும் நம்பும் ஒருவர் நடுவே நிற்பது எத்துணை இன்றியமையாதது என்பதை அன்று உணர்ந்தேன்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடித்து வந்த சிறுவர் பலரும் உயிரிழந்தனர். அவர்களுக்காக அழுத நகரில் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். இறந்த குழந்தைக்காகச் சேர்ந்து அழத் தெரிந்த நாம், வாழும் குழந்தைக்காகச் சேர்ந்து உழைக்கக் கூசுவானேன்?

பெற்றோரின் இசைவும் ஒளிவுமறைவற்ற சொல்லும் இருக்குமாயின், பிறர் முற்றத்தில் நின்று பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதால் ஒருவன் சைவம் குன்றாது. அடுத்த விடுமுறையில் நம் கோயில் மடம் ஒன்றில் இத்தகைய பாடசாலை தொடங்குவோமாயின், அங்கே துணையாசிரியராக வரத் தாம் ஆயத்தம் என்று அப்பாதிரியார் கூறியிருக்கிறார். மடத்தைத் திறந்துவிட வேண்டியது நம் பொறுப்பு.