கொடுமுடிக் குரல்

சூலூர், புரட்டாசி முதல் ஞாயிறு

கே.பி. சுந்தராம்பாள் மறைந்தது 1980 செப்டம்பரில். இந்த மாதம் வந்தால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘உருக வைக்கும் குரல்’ என்று எழுதாமல் இருப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் அவர் பாடிய ‘பழம் நீயப்பா’ சோர்ந்து கிடப்பவர்களை இன்றும் எழுப்பி உட்கார வைக்கிறது என்றால், அதற்குக் காரணம் உருக்கமல்ல, கண்டிப்பு. பாட்டின் போக்கையே பாருங்கள். மாம்பழம் அண்ணன் பிள்ளையாருக்குப் போய்விட்டது. தம்பி முருகன் கோபித்துக்கொண்டு பழனி மலையேறி நிற்கிறான். தேடிவந்த ஔவை, அதாவது சுந்தராம்பாள், அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. பழத்துக்கு ஏங்குகிறாயே, பழமே நீதானே என்கிறாள். அதுவரைதான் கொஞ்சல். பிறகு குரல் நிமிர்கிறது. ஊர், பேர், பெற்றோர், உற்றார் என்று அவனுக்கு இருப்பதையெல்லாம் கணக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். சினம் ஆறித்தான் தீரும், இது தெரியாத சின்னப் பிள்ளையா நீ என்று அதட்டுகிறாள். நம் பக்கத்து அப்பத்தாக்கள் பேரனைத் தேற்றுகிற முறையும் இதுதான். அவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று தொடங்குவதில்லை.

அந்தக் கண்டிப்பைத் தாங்குவதற்கு ஏற்ற தொண்டை அது. ரயிலில் பாடிக் காசு வாங்கிய கொடுமுடிச் சிறுமியை நாடகக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது, கொட்டகையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் முழுசாகப் போய்ச் சேர வேண்டும். அதனால் எத்தனை உச்சத்துக்குப் போனாலும் அவர் வாயில் ஓர் எழுத்துகூட நசுங்குவதில்லை. றகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. விம்மலை நடுவே கலந்தால் சொல் உடையும். அவர் உடைய விடுவதில்லை. (பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியிலிருந்து பழனிக்குத் தீர்த்தக் காவடி போகிறது. அந்தப் பழனி ஆண்டவனை அதட்டும் உரிமை கொடுமுடிக்காரருக்கு வாய்த்தது எனக்குப் பெருமை.)

திங்கள்

நேற்று எழுதியதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் எழுதி வைக்கிறேன். முதலாவது, குரலில் கேட்பது அவருடைய வாழ்க்கைச் சோகம் என்பது. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் இறந்தார்; அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையோடு நகையில்லாமல் கடைசிவரை வாழ்ந்தார். துக்கம் உண்மை. ஆனால் அந்தத் துக்கத்தோடு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். 1935-இல் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்துக்கு நந்தனாராக ஆண் வேடம் கட்டினார். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-இல் சென்னை மாகாண மேலவைக்குச் சென்றார். இரக்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவரின் வரலாறு இல்லை இது, அவருடைய குரலும் இரக்கம் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, ‘பழம் நீயப்பா’ பக்திப் பாட்டு, நம்பாதவனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்பது. ‘பூம்புகார்’ (1964) பதில் சொல்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத கலைஞர் கருணாநிதி திரைக்கதை எழுதிய படம். சுந்தராம்பாளுக்குச் சமணத் துறவி கவுந்தி அடிகளின் வேடம். முருகனும் இல்லை, திருநீறும் இல்லை. அங்கே அவர் பாடும் ‘வாழ்க்கை எனும் ஓடம்’ கேட்பவரை அதே நேர்ப்பார்வையோடு நிற்க வைக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. கதைக்குள் ‘பழம் நீயப்பா’ தோற்றுவிடுகிறதே! ஔவை பாடி முடித்த பிறகும் முருகனின் கோபம் தணிவதில்லை. பார்வதி வந்து சிவனின் திருவிளையாடல்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுக்க முடியாது. ஆனால் சொன்னபடி நடக்க வைப்பது வேறு, தெம்பூட்டுவது வேறு. தோற்றுப்போன பிள்ளையாக நின்றவனை, பதில் பேசத் தகுந்தவனாக ஔவை நடத்திவிட்டாள். மயிலேறித் தகப்பனிடம் போ என்கிறாள். போவதும் போகாததும் அவன் பாடு.