சுழலாத மின்சாரம்

ஒரு முனை சூடு, மறுமுனை குளிர், நடுவே குறைகடத்தி. நீராவி இல்லாமலே மின்சாரம். இந்த விளைவை சீபெக் 1821இல் கண்டார்; பார்சன்ஸின் நீராவி டர்பைன் வந்ததோ 1884இல். முந்திப் பிறந்தது ஏன் மின்நிலையத்துக்குள் நுழையவில்லை?

*

வாயேஜர் விண்கலத்தின் கணக்கு. புளூட்டோனியம் மின்னாக்கியில் சூடான முனை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ், குளிர்முனை 300. இந்த இரு வெப்பநிலைகளுக்கிடையே எந்த இயந்திரமும் தாண்ட முடியாத கார்னோ எல்லை 55 சதவீதம். கிடைத்தது 6 சொச்சம். நல்ல அனல்மின் நிலையம் 40ஐத் தொடும், அதன் எல்லை 60ஐ ஒட்டியது. ஆக, குறைபாடு வெப்பநிலையில் இல்லை, பொருளில்.

*

இதற்கான பொருளில் மின்சாரம் தாராளமாக ஓட வேண்டும், வெப்பம் ஓடக் கூடாது. உலோகத்தில் இரண்டையும் எலக்ட்ரான்களே சுமக்கின்றன. ஒன்றுக்கு வழிவிட்டால் மற்றதும் கூடவே வரும். கண்ணாடியில் இரண்டுக்கும் வழியில்லை. பிஸ்மத் டெலுரைடு ஒரு சமரசம். அதற்கு வேண்டிய டெலூரியமோ அரிய தனிமம்.

*

டர்பைன் போனால் குளிர்விக்கும் தொல்லையும் போகுமா? இல்லை, அதிகமாகும். 3000 மெகாவாட் வெப்பம் தரும் அணு உலையில் டர்பைன் 1000 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது, 2000 கழிவு. 6 சதவீதம் என்றால் மின்சாரம் 180, கழிவு 2820. அதை வெளியேற்றாவிட்டால் குளிர்முனை சூடேறி, அந்த 180உம் சரியும்.

*

அணு உலையோடு இதைச் செய்து பார்க்காமலும் இல்லை. மாஸ்கோவில் 1964இல் இயங்கிய ரோமாஷ்கா உலை: வெப்பம் 40 கிலோவாட், மின்சாரம் அரை கிலோவாட் அளவு. 1965இல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய ஸ்னாப்-10ஏ உலை 43 நாள் ஓடியது.

*

ஆள் போக முடியாத இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். 1977இல் கிளம்பிய வாயேஜரில் தொடக்கத்தில் சுமார் 470 வாட். ஆண்டுக்கு 4 வாட் போலக் குறைகிறது. பழுதுபார்க்க யாரும் போகவில்லை. அங்கே 6 சதவீதம் தாராளம்.

*

ஆள் வேண்டாம் என்பதிலேயே ஆபத்தும் உண்டு. சோவியத் ஒன்றியம் ஆர்க்டிக் கரைக் கலங்கரை விளக்கங்களுக்கு ஸ்ட்ரான்சியம்-90 மின்னாக்கிகளை வைத்தது. நாடு உடைந்தது, காவலும் போயிற்று. 2001 டிசம்பரில் ஜார்ஜியாவின் லியா கிராமத்தருகே விறகுக்குப் போன மூவர், இதே வகை மின்னாக்கிகளிலிருந்து காட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த இரண்டு ஸ்ட்ரான்சியம் உருளைகளைக் கண்டார்கள். சுற்றிலும் பனி உருகியிருந்தது. இரவில் குளிர்காய எடுத்துவைத்துக்கொண்டார்கள். மூவருக்கும் கதிர்வீச்சுப் பாதிப்பு, ஒருவர் பிழைக்கவில்லை.

*

முடிவாக: ஆள் போய்வரும் இடத்துக்கு டர்பைன். போக முடியாத இடத்துக்குக் குறைகடத்தி மின்னாக்கி. ஆனால் வைக்கும்போதே, யார் திரும்ப எடுப்பது என்றும் எழுதி வைக்க வேண்டும்.