ஸ்கோர்போர்டில் வராதவனை எப்படி எடை போடுவது?

ஃபுட்பால்னு கேட்டதும் மரடோனா, மெஸ்ஸின்னு ஆசையா வந்தவங்க மன்னிக்கணும். இது அமெரிக்க ஃபுட்பால். காலால உதைக்கிறது எப்பவாவதுதான். பந்தைத் தூக்கிட்டு ஓடுறது, எறியுறது, நடுவுல ஆளை ஆள் முட்டித் தள்ளுறது, இதுதான் ஆட்டம். அதுலயும் இன்னைக்கு எழுதப்போறது பந்தோட ஓடாத, பாயின்ட் எடுக்காத, ஸ்கோர்போர்டில் பேரே வராத ஆசாமிகளைப் பத்தி. தூக்கம் வந்தா பாதியில எழுந்து போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நான் அமெரிக்கா வந்து நாலு வருஷமாச்சு. முதல் சீசன் முழுக்க பந்து போற பக்கமே கண்ணை வெச்சுட்டு இருந்தேன். பந்து யார் கையில இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள விசில் ஊதிடுவாங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்ல ஒரு பெரியவர். ஐம்பத்தஞ்சைத் தாண்டினவர், ஹைஸ்கூல்ல லைன்மேனா ஆடினவர். மாடிப்படி ஏறும்போது அவர் முழங்காலே அதைச் சொல்லிடும். அவர்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல சொன்னார்: "பந்தை மறந்துடு. முதல் மூணு நொடி அந்த அஞ்சு பேர் முதுகை மட்டும் பாரு. ஆட்டம் ஏன் அப்படிப் போச்சுன்னு தானா புரியும்."

அந்த அஞ்சு பேர்தான் அஃபென்சிவ் லைன். நடுவுல சென்டர், பந்தைக் கால் இடுக்கு வழியா பின்னாடி கொடுத்து ஆட்டத்தை ஆரம்பிக்கிறவர். அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, அதுக்கும் வெளியே டாக்கிள். பின்னாடி நிக்கிற குவார்ட்டர்பேக் பந்தை எறிய ரெண்டரை, மூணு நொடி வேணும். அந்த நேரத்துக்கு எதிரணி முரட்டு ஆளுங்க யாரும் அவரை நெருங்காம பார்த்துக்கணும். பந்தோட ஓடுற ஆட்டம்னா ஓடுறவனுக்கு வழி பண்ணிக் கொடுக்கணும். இவங்க ஒழுங்கா வேலை செஞ்சா என்ன நடக்கும்? ஒண்ணுமே நடக்காது. சொதப்பினா மட்டும் ஊரே பேரைச் சொல்லித் திட்டும். சர்வர் நல்லா ஓடுற வரைக்கும் அட்மின் பேரு யாருக்காவது தெரியுமா? அதே கதைதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். காலேஜ்ல இப்படி ஆடிட்டு இருக்குற 22 வயசுப் பையன் என்.எஃப்.எல்.லுக்குத் தேறுவானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓடுறவனுக்கு எத்தனை கெஜம் ஓடினான்னு கணக்கு இருக்கு. பிடிக்கிறவனுக்கு எத்தனை பந்து பிடிச்சான்னு இருக்கு. இவனுக்குச் சொல்லிக்கிற மாதிரி எண்ணே கிடையாது.

எண் இல்லேன்னா மனுஷன் சும்மா இருப்பானா? உண்டாக்கிடுவான். வருஷா வருஷம் இண்டியானபோலிஸ்ல 'கம்பைன்'னு ஒண்ணு நடக்கும். 300 பேருக்கு மேல கூப்பிட்டு உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளப்பாங்க. 40 கெஜம் ஓடவிட்டு நேரம் பார்ப்பாங்க. 225 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல 102 கிலோ வெயிட்டை எத்தனை தடவை தூக்குறான்னு எண்ணுவாங்க. சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறதுதான் பாக்கி.

இதுல டாக்கிளுக்கு ரொம்ப முக்கியம்னு சொல்றது கை நீளம். 34 அங்குலம் இருந்தா சந்தோஷம். 33க்குக் கீழேன்னா "இவன் வெளியே தாங்க மாட்டான், உள்ளே கார்டா மாத்திடு"ம்பாங்க. இது மூடநம்பிக்கை இல்லை. ரெண்டு பேர் மோதும்போது யார் கை முதல்ல அடுத்தவன் நெஞ்சைத் தொடுதோ அவன் பிடி கிடைச்ச மாதிரி. ஆனா 2007ல கிளீவ்லாந்து பிரவுன்ஸ் மூணாவதா எடுத்த ஜோ தாமஸுக்கு 32.5 அங்குலம்தான். அந்த மனுஷன் தொடர்ச்சியா 10,363 ஆட்டத் துண்டு ஒண்ணுகூட விடாம ஆடி, 2023ல ஹால் ஆஃப் ஃபேமுக்கே போயிட்டார். 2025ல எல்.எஸ்.யூ. பையன் வில் கேம்ப்பெல்லுக்குக் கம்பைன்ல அளந்தா 32 அங்குலமும் 8ல 5 பங்கும். அப்புறம் காலேஜ்ல அளந்தா 33. இந்த விரல்கடை வித்தியாசத்தை வெச்சு ஊர்ல பெரிய பட்டிமன்றமே நடந்தது. கடைசியில நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் நாலாவது ஆளா எடுத்துட்டாங்க. அவருக்குத் தீர்ப்பு எழுத இன்னும் பல வருஷம் இருக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1989ல மிச்சிகன் ஸ்டேட் டாக்கிள் டோனி மேன்டரிச். 300 பவுண்டுக்கு மேல எடை, அந்த 225 பவுண்டை 39 தடவை தூக்கினார்னு பேரு. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையிலயே படம். கிரீன் பே பேக்கர்ஸ் ரெண்டாவதா எடுத்தாங்க. அந்த வருஷம் முதல் அஞ்சு பேர்ல மத்த நாலு பேரும் (டிராய் எய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ்) பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போனாங்க. இவரை 1992 சீசன் முடிஞ்சதும் பேக்கர்ஸ் வெளியே அனுப்பிட்டாங்க. காலேஜ் நாள்ல ஸ்டீராய்டு எடுத்ததை 2008ல அவரே ஒத்துக்கிட்டார். அளந்த டேப் பொய் சொல்லல. அளந்த உடம்புதான் பொய் சொல்லிச்சு.

"அப்போ எதைத்தான் பார்க்கிறது?"ன்னு பெரியவர்கிட்ட கேட்டேன். சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, காலேஜ் ஆட்டங்களைப் போட்டு, ஒரே காட்சியை ஏழெட்டு தடவை ஓட்டிக் காமிச்சார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதான்:

முதல்ல பாதம். பின்வாங்கும்போது கால் ரெண்டும் ஒட்டிக்கக் கூடாது, ஒட்டினா ஒரு தள்ளுல விழுந்துடுவான். அடுத்தது, முழங்காலை மடக்குறானா, இடுப்பை வளைக்கிறானா? இடுப்பை வளைக்கிறவன் களைச்சவன், இல்லேன்னா சோம்பேறி. கை எப்போ போகுது, எங்கே போகுது? எல்லாத்தையும் விட, தோத்ததுக்கு அப்புறம் என்ன செய்யறான்? எதிராளி தாண்டிட்டான்னு தெரிஞ்ச நொடியில கையைத் தொங்கப் போடுறானா, அந்த அரை நொடியில உடம்பைத் திருப்பி இன்னொரு தடவை முட்டிப் பார்க்குறானா?

"ஜெயிக்கிற ஆட்டத்தை யார் வேணா ரசிக்கலாம். நீ அவன் தோக்கிற இடத்தைத் தேடு"ன்னார்.

இதுலயும் ஒரு சிக்கல். இப்போ நிறைய காலேஜ் அணிகள் பந்தை வாங்கின வேகத்துல எறிஞ்சுடுறாங்க. லைன்மேனுக்குப் பரீட்சையே வர்றதில்லை. அறுபது ஆட்டத் துண்டு பார்த்தா உண்மையிலேயே சோதிக்கிறது எட்டோ பத்தோதான். அதைப் பொறுமையா உட்கார்ந்து பொறுக்கணும்.

அப்படிப் பொறுக்கினதுல நான் சொக்கிப் போனது பழைய சின்சினாட்டி ஆட்டங்கள்ல. ஜேசன் கெல்சி. ஸ்காலர்ஷிப் இல்லாம, லைன்பேக்கரா ஆடலாம்னு தானா வந்து சேர்ந்த பையன். கார்டா மாத்தினாங்க, கடைசி வருஷம் சென்டர். அந்த 2010ல அவங்க அணி 4 வெற்றி, 8 தோல்வி. கம்பைன்ல எடை 280 பவுண்டுதான், சென்டருக்கு ரொம்பக் கம்மி. ஆனா 40 கெஜத்தை 4.89 நொடியில ஓடினார். 2011ல ஆறாவது சுற்றுல, 191வது ஆளா பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தாங்க. எடை கம்மியா இருந்தாலும் வேகமான லைன்மேன்தான் வேணும்னு நினைக்கிற ஹோவர்ட் மட் அப்போ அங்கே லைன் கோச். முதல் வருஷமே 16 ஆட்டத்துலயும் கெல்சிதான் சென்டர். 13 சீசன் அதே அணியில ஆடி, ஆறு தடவை ஆல்-புரோ முதல் அணியில வந்து, 2024 மார்ச்ல ஓய்வு பெற்றார். தலையில எழுதினது 280ன்னு முடிவு பண்ணியிருந்தா?

இதைப் பார்த்துட்டு இருந்த அன்னைக்கு ராத்திரி எனக்குச் சரியா தூக்கம் வரல. காரணம் கெல்சி இல்லை.

அந்த வாரம்தான் மேனேஜர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். காலேஜ் முடிக்கிற பசங்களோட 140 ரெஸ்யூமே. இதுல பேச வேண்டிய ஆட்களைப் பிரிச்சுக் கொடு. நான் என்ன செஞ்சேன்? எக்ஸெல்ல ஜி.பி.ஏ. 3.3க்குக் கீழே எல்லாத்தையும் ஒரு ஃபில்டர் போட்டுத் தூக்கிட்டேன். 61 பேர் காலி. பத்து நிமிஷ வேலை. காபி குடிக்கப் போயிட்டேன்.

நான் யாரு? பன்னெண்டாவதுல 58 சதவீதம் எடுத்தவன். 'பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி எல்லாத்துலயும் 60'ன்னு காலேஜ் நோட்டீஸ் போர்டுல ஒட்டினதைப் பார்த்துட்டு, முதல் கம்பெனி வந்த அன்னைக்கு ஹாஸ்டல்ல கட்டில்ல படுத்திருந்தவன். ரெண்டு சதவீதம். எழுதின ப்ரோக்ராமை யாராவது ஒருத்தர் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தா அவ்வளவு வலிச்சிருக்காது.

திங்கட்கிழமை அந்த 61ஐயும் திரும்ப எடுத்தேன். ரெண்டு நாள் ஆச்சு. உண்மையைச் சொல்லணும்: 57 பேர் விஷயத்துல ஃபில்டர் சொன்னது சரிதான். கெல்சி கதை கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா 280 பவுண்டோட வந்து காணாமப் போன சென்டர்களைப் பத்தி யாரும் பதிவு எழுத மாட்டாங்க. அளவுகோல் முட்டாள்தனம் இல்லை. அளந்ததும் பார்க்கிறதை நிறுத்திடுறோமே, அதுதான் தப்பு.

மிச்சம் நாலு பேர். அவங்க எழுதின கோடைப் படிச்சேன். பெரியவர் சொன்ன மாதிரி, தப்பு வந்த இடத்துல என்ன செஞ்சிருக்காங்கன்னு தேடினேன். நாலு பேரையும் பேசக் கூப்பிட்டோம். ரெண்டு பேர் முதல் ரவுண்டுலயே போயிட்டாங்க. மூணாவது ஆளை வேண்டாம்னு சொன்னது நானேதான், அரை மணி நேரம் பேசின பிறகு. நாலாவது பொண்ணு அடுத்த மாசம் சேர்றாங்க. எப்படி வருவாங்கன்னு இப்போ சொல்ல முடியாது. அதுக்கும் ஒரு சீசனாவது ஆகணும்.

பி.கு: பெரியவர்கிட்ட இதெல்லாம் சொன்னேன். "நீ ஹைஸ்கூல்ல என்ன இடத்துல ஆடியிருப்பே?"ன்னு என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபது கிலோ உடம்பு. கையை நீட்டச் சொல்லி அளந்து பார்த்துட்டு, "தண்ணி பாட்டில் கொடுக்கிற இடம்"னு சொல்லிட்டார். என்னைப் பொறுத்தவரை இந்த அளவு ரொம்பச் சரி.