முந்தைய வேலை

“மூச்சு வாங்குது” என்று ஒருவர் சொன்னால் அதற்கு நூறு அர்த்தம் இருக்கலாம். ரத்தசோகை, இதயம், ஆஸ்துமா, பீடி, உடல் எடை, பயம், அல்லது நாற்பது வருஷத்துக்கு முன்னால் உள்ளே போன ஒரு தூசி. இவற்றில் எது என்று பிரித்துப் பார்க்க உதவும் வேலையில் ஒரு சின்னப் பகுதியைத்தான் நான் செய்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளுக்கு வருடாந்திர மெடிக்கலுக்காக ஒரு வேன் போகுமே, அதில் நான் பி.எஃப்.டி. டெக்னீஷியன். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, “நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க” என்று நாள் முழுக்கக் கத்துவது என் தொழில். சாயங்காலம் எனக்கே மூச்சு வாங்கும்.

ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் வருவார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, ஒடிசா, பீகார். அவர்களின் கிராஃப் அழகாக மேலே ஏறி மெதுவாக இறங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் உண்டு: பெயர், வயது, உயரம், எடை, புகைப்பழக்கம். கடைசிக்கு முந்தின வரி ‘முந்தைய வேலை’. அரை விரல் நீளத்துக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள். அதில் பாதிப் படிவங்களில் ஒரு கோடு மட்டும் இருக்கும், இல்லையென்றால் ‘பிரைவேட்’ என்று எழுதியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த அரை விரல் இடத்தைப் பற்றியது.

என் பெரியப்பாவுக்கு அறுபத்திரண்டு வயசு. ஒரகடம் பக்கத்தில் ஒரு குடோனில் செக்யூரிட்டியாக இருந்தார். 2022-இல் இருமல் ஆரம்பித்தது. “சளி இல்ல பாப்பா, வறட்டு இருமல்தான். கேட்டுல இருந்து ரூமுக்கு நடந்தா நிக்க வேண்டியிருக்கு” என்றார். பக்கத்து ஊர் தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுத்து, “நிழல் இருக்கு, டி.பி.யாத்தான் இருக்கும்” என்றார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. முடித்தபோது இருமல் அப்படியே இருந்தது. வேறொரு இடத்தில், “கொரோனா வந்துச்சா? அதோட தழும்பு இது” என்றார்கள். 2023-இல் ஓர் அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு விரல் நுனிகளைப் பார்த்தார். நகம் கவிழ்ந்து, நுனி உருண்டிருந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி: “ஐயா, செக்யூரிட்டிக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?”

“லேகிங்” என்றார் பெரியப்பா.

பாய்லர், நீராவிக் குழாய் இவற்றின் சூடு வெளியே போகாமல் மேலே போர்த்துகிற வேலைதான் லேகிங். 1981 முதல் 1996 வரை ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தார். வெள்ளைப் பவுடரை டிரம்மில் கொட்டி, தண்ணி விட்டு, கையாலேயே பிசைந்து குழாய்மேல் பூசுவார்கள். பழைய லேகிங்கைச் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். “பனி மாதிரி கொட்டும். தலையெல்லாம் வெள்ளையாயிடும். ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிப்போம், தாத்தா ஆயிட்டடான்னு.” அந்தப் பவுடர் ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் அதற்குக் கல்நார் என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்லையே நாராக உரிக்கலாம் என்பதை அந்தப் பெயர் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. அதன் பயனும் அங்கேதான் இருக்கிறது, கேடும் அங்கேதான். எரியாது, மக்காது. நுரையீரலுக்குள் போனாலும் மக்காது.

கல்நார் உண்டாக்குவது ஒரே ஒரு நோய் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். குறைந்தது ஐந்து இருக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். ஏனென்றால் ஒன்றுக்குப் பயப்படவே வேண்டாம், இன்னொன்றுக்கு நாள் குறைவு.

முதலாவது, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் விழும் திட்டுகள். ப்ளூரல் பிளேக் என்பார்கள். வெளி உறையில், விலாவை ஒட்டியும் உதரவிதானத்தின் மேலும், சுண்ணாம்பு படிந்த மாதிரி தடிப்பு இருக்கும். பொதுவாக இவற்றால் மூச்சு வாங்காது. இவை புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இந்த உடம்புக்குள் ஒரு காலத்தில் கல்நார் போயிருக்கிறது என்பதற்கு இவை சாட்சி, அவ்வளவுதான். இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இரண்டாவது, அதே உறைக்குள் நீர் கோர்ப்பது. கல்நார் நோய்களில் சீக்கிரம் வரக்கூடியது இதுதான். பத்து வருஷத்துக்குள்ளேயே வரலாம். தானாக வற்றியும் போகும். ஆனால் நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றாலே முதல் சந்தேகம் டி.பி. மேல்தான் விழும். அது நியாயமும்கூட. டி.பி. இல்லை, புற்றுநோய் இல்லை, வேறு எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் கல்நாரின் பெயரைச் சொல்ல முடியும். பெரியப்பாவுக்கு 1990-இல் வலது பக்கம் நீர் எடுத்திருக்கிறார்கள். அதற்கும் டி.பி. மாத்திரைதான் கொடுத்தார்கள். அது என்னவாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் திசுவே தழும்பாகி இறுகுவது. எவ்வளவு தூசி உள்ளே போனதோ, அதற்கேற்ப வரும். டி.பி. பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியைப் பிடிக்கும். கல் உடைப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸும் மேலேதான், உருண்டை உருண்டையாக. ஆஸ்பெஸ்டோசிஸ் கீழ்ப்பகுதியில் தொடங்கும், ஒழுங்கற்ற கோடுகளாக. தூசி நோய் எக்ஸ்ரேக்களை வாசிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த முறையில் உருண்டைப் புள்ளிகளுக்கு பி, க்யூ, ஆர் என்றும் ஒழுங்கற்றவற்றுக்கு எஸ், டி, யு என்றும் எழுத்துகள் உண்டு. மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில் முதுகின் அடியில் ஒரு சத்தம் கேட்கும், பி.பி. பார்க்கும் பட்டையைப் பிரிக்கும்போது வருமே, அதே சத்தம். என் மெஷினிலும் இது தனியாகத் தெரியும். பீடியால் குழாய் சுருங்கியவருக்குக் காற்று இருக்கும், வேகமாக வெளியே வராது. தழும்பு விழுந்தவருக்கு வேகம் சரியாக இருக்கும், ஊதுவதற்கான காற்றே குறைவாக இருக்கும். பெரியப்பாவின் கிராஃப் நல்ல வடிவத்தில் இருந்தது. அளவுதான் சின்னது. ஒரு பெரிய மனிதரின் சட்டையைக் குழந்தைக்குத் தைத்த மாதிரி.

ஆனால் காரணமே தெரியாமல் நுரையீரல் தழும்பாகும் இன்னொரு நோயும் ஸ்கேனில் ஏறக்குறைய இப்படியேதான் தெரியும். அதையும் இதையும் பிரிப்பது இரண்டே விஷயங்கள்: உறையில் திட்டு இருக்கிறதா, அந்த ஆள் என்ன வேலை பார்த்தார். பெரியப்பாவின் சி.டி. ஸ்கேனில் இரண்டு பக்கமும் திட்டுகள் இருந்தன. முப்பது வருஷமாகப் பேசாமல் இருந்த சாட்சி.

நான்காவது நுரையீரல் புற்றுநோய். கல்நாரும் புகையும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளிகளிடம் இர்விங் செலிகாஃப் 1960-களில் காட்டியது இதைத்தான். ஆகவே லேகிங் பார்த்தவரிடம் “பீடிய விடுங்க” என்பது வெறும் உபதேசம் இல்லை. அவருக்காக இன்றைக்கும் செய்ய முடிகிற ஒரு காரியம் அது.

ஐந்தாவது மீசோதீலியோமா. உறையிலேயே தோன்றும் புற்றுநோய். இதற்கும் புகைக்கும் தொடர்பில்லை. கொஞ்சம் தூசி போதும். முப்பது, நாற்பது வருஷம் கழித்து நெஞ்சு வலியோடும் திரும்பத் திரும்பக் கோர்க்கும் நீரோடும் வரும். நீரை மட்டும் சோதித்துச் சொல்வது கடினம். சதையெடுத்துப் பார்க்க வேண்டும். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடன் இருந்தவர்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் சுரங்கத்தில் இறங்கியே இராத, பக்கத்தில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள். இதைப் படித்த அன்று நான் பெரியப்பாவை நினைக்கவில்லை, பெரியம்மாவை நினைத்தேன். பதினைந்து வருஷம் அந்தச் சட்டைகளை வாசலில் உதறித் துவைத்தது அவர்தான்.

டி.பி.யும் கல்நாரும் இப்படிச் சிக்கிக்கொள்வது புதிதில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-இல் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் வில்லியம் குக், ஆறிப்போன பழைய டி.பி. தழும்பையும், அதைத் தாண்டிக் கனிமத் துகள்கள் சிக்கிய பெரிய தழும்பையும் பார்த்தார். 1927-இல் அதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வைத்தார். உயிரோடு இருந்தபோது நெல்லி நிவாரணம் கேட்டார். அந்த நோய் சட்டத்தின் பட்டியலில் இல்லை என்று நிர்வாகம் மறுத்தது. பெயர் இல்லாத நோய்க்குப் பணம் கிடையாது.

இன்றைக்கு நம் சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ஆஸ்பெஸ்டோசிஸும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இருந்தன. ஆனால் ஒரு லேகிங்காரரின் சீட்டில் ‘டி.பி.’ என்றோ ‘காரணம் தெரியாத தழும்பு’ என்றோ எழுதிவிட்டால், அந்தப் பட்டியல் அவருக்கு இல்லை. டாக்டர் எழுதும் ஒரு சொல்லில் மருந்து மட்டும் மாறுவதில்லை, பொறுப்பாளியும் மாறுகிறார். டி.பி. என்றால் கிருமி பொறுப்பு. ஆஸ்பெஸ்டோசிஸ் என்றால் ஒரு முதலாளி.

1995 ஜனவரி 27-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மையம் கல்நார்த் தொழிலாளிகளுக்காகத் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஏன் 40? இந்த நோய் தூங்கும் காலம் அவ்வளவு. நீதிமன்றம் நோயின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணைச் சொன்னது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் கான்ட்ராக்டர் இறந்துவிட்டார். மஸ்டர் ரோல் எங்கே என்று அவருடைய மகனுக்குத் தெரியாது. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பக்க நோட்டில் நானும் பெரியப்பாவும் உட்கார்ந்து எழுதினோம். எந்த வருஷம், எந்த ஊர், எந்த பாய்லர், கூட இருந்தது யார். வருஷத்தை அவர் கல்யாணம், குழந்தை, எலெக்‌ஷன், புயல் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். “இந்திரா காந்திய சுட்டாங்களே, அப்ப நாங்க சுகர் மில்லுல இருந்தோம்.” கூட இருந்தவர்களில் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மனு போயிருக்கிறது. பதில் வரவில்லை. தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. பீடியை விட்டுவிட்டார். தேவையில்லாத மாத்திரைகள் நின்றன. “என்னா வியாதின்னாச்சும் தெரிஞ்சுதே” என்றார்.

பெரியம்மாவுக்கு ஒன்றுமில்லை. “எனக்கெதுக்கும்மா எழுதற?” என்று கேட்டார். அவருடைய மருத்துவ ஃபைலின் முதல் தாளிலும் ஒரு வரி எழுதி வைத்தேன்: ‘1981–1996, கல்நார் படிந்த துணிகளைத் துவைத்தவர்.’ என்றாவது அவருக்கு நெஞ்சில் நீர் கோர்த்தால், பார்க்கிற டாக்டர் அந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளியே வந்தது 1998-இல். இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு இன்னும் அதிக வயது ஆகவில்லை. கல்நார் ஆலை இங்கே இருக்கிறதா என்று கேட்டால், அது கேள்வியின் பாதிதான். ஆட்கள் தங்கியிருக்கும் வாடகை ரூம்களின் மேலே சிமெண்ட் ஷீட் இருக்கிறது. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார். உடையாமல் கிடந்தால் பெரிய தொந்தரவு இல்லை. ஃபேன் மாட்ட டிரில் போடும்போது, பழைய ஷெட்டைப் பிரித்து உடைக்கும்போதுதான் தூசி. பழைய வண்டியின் பிரேக் டிரம்மைக் கழற்றி ஏர் அடித்துச் சுத்தம் செய்யும் மெக்கானிக் ஷெட்டுகளும் இருக்கின்றன. இந்த வேலைகளை யார் செய்கிறார்கள்? ஆறு மாதம் ஓர் ஏஜென்சி, எட்டு மாதம் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள்தான். அவர்களுக்கு 2060-இல் மூச்சு வாங்கினால் எந்தக் கம்பெனியிடம் பதிவு இருக்கும்?

அதனால் இப்போது வேனில் நான் கூடுதலாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன். வரிசை நீளும், சூப்பர்வைசர் முறைப்பார். “இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க? அதுக்கும் முன்னாடி? தூசி இருந்துச்சா? என்ன கலர்?” என்று கேட்கிறேன். அரை விரல் இடம் போதாவிட்டால் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். போன வாரம் ஒரு பையன், இருபத்திரண்டு வயசு, போளூர் பக்கம். லீவில் மாமாவோடு ஷெட் பிரிக்கும் வேலைக்குப் போனதைச் சொன்னான். எழுதிய பக்கத்தை அவனுடைய போனிலேயே போட்டோ எடுக்கச் சொன்னேன். “எவ்ளோ நாள்க்கா வெச்சிருக்கணும்?” என்றான்.

“நாப்பது வருஷம்” என்றேன். சிரித்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.