இமோ, இன்னொரு கிண்ணம்!

கொரியன் சாப்பாடு என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டு பயம் வரும். தட்டில் எந்த ஜீவன் படுத்திருக்குமோ என்பது முதல் பயம். பில்லில் எத்தனை சைபர் படுத்திருக்குமோ என்பது இரண்டாவது. நமக்கு, அதாவது மாசம் இருபதாம் தேதிக்கு மேல் டீக்கடையில் அக்கவுண்ட் வைக்கும் வர்க்கத்துக்கு, இரண்டாவதுதான் நிஜ பயம்!

"அதுக்கு எதுக்குங்க வெளியூர் போகோணும்? கோயமுத்தூர்லயே கெடைக்குதே!" என்பீர்கள். கிடைக்கிறதுதான். 2021-ல் 'ஸ்க்விட் கேம்' வந்து போன பிறகு எங்கள் போத்தனூரில்கூட கொரியன் நூடுல்ஸ் பாக்கெட் தொங்குகிறது. டவுனுக்குள் போனால், கிண்ணத்தில் போட்டு, மேலே பாதி முட்டையை மல்லாக்கப் படுக்க வைத்துத் தருகிறார்கள். முதலில் செல்போனுக்குப் படையல். அது சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறிப்போனதை நாம் சாப்பிட வேண்டும். தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் படம் பார்த்த கையோடு தியேட்டர் வாசலில் பாட்டுப் புஸ்தகம் வாங்குவோமே, அந்த மாதிரி சமாசாரம் அது.

நிஜமான கடை எங்கே இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கும் வித்தை போத்தனூர்க்காரனுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு 1862-லேயே ரயில் வந்துவிட்டது. கோயமுத்தூர் டவுனுக்கு வந்தது அதற்கப்புறம் பத்து வருஷம் கழித்து! (சந்தர்ப்பம் கிடைத்தால் இதைச் சொல்லிக் காட்டாமல் விட மாட்டோம். கண்டுகொள்ளாதீர்கள்.) ரயிலோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. அவர்களோடு கறியைப் பந்தாக உருட்டிப் போட்ட குழம்பு வந்தது, தேங்காய்ப்பால் மஞ்சள் சோறு வந்தது, பெப்பர் வாட்டர் வந்தது. பெப்பர் வாட்டர் என்பது வேறொன்றுமில்லை. கோட்டு மாட்டிய நம்ம ரசம்தான். ஆக, வேலை எந்த ஊருக்கு வருகிறதோ, அந்த வேலைக்காரனின் சோறு அடுத்த வண்டியில் வந்து இறங்கிவிடும்.

போத்தனூருக்கு ரயில் என்றால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்குக் கார். 1996-ல் ஹூண்டாய் கம்பெனி தமிழ்நாட்டில் கால் வைத்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே உதிரி பாகம் செய்கிற கொரியன் கம்பெனிகள். 2004-ல் லோட்டே வந்து, நாம் சின்ன வயசில் சப்பிய காஃபி பைட் மிட்டாயின் பாரிஸ் கம்பெனியையே வாங்கிவிட்டது. 2007-ல் சாம்சங். இத்தனை இன்ஜினீயர்களும் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள்? தயிர் சாதமா?

அங்கேதான் என் மச்சினன் வேலை பார்க்கிறான். ஒரகடம் பக்கம் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் தர சோதனைப் பிரிவு. "ஒருக்கா வாங்க மச்சான், கொரியா மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி, காலையில் சென்னையில் இறங்கி, பூந்தமல்லியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

மெஸ் என்று அவன் சொன்னது சரியான வார்த்தை. கீழே டயர் கடை. பக்கவாட்டில் இரும்புப் படி. மாடியில் கொரியன் எழுத்தில் மட்டும் ஒரு போர்டு. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. இதைவிடத் தெளிவாக 'இது உனக்கில்லை தம்பி' என்று ஒரு கடை சொல்ல முடியாது! உள்ளே ஏழு மேஜை. டி.வி.யில் யாரோ யாரையோ கொரியன் மொழியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிற பையன் மணிப்பூர். எங்களிடம் தமிழ், அடுத்த மேஜையில் கொரியன், சமையலறைப் பக்கம் திரும்பினால் ஹிந்தி. மூன்று மொழியில் ஆர்டர் எடுக்கிற அந்தப் பையனுக்கு என்ன சம்பளமோ, நாலு பட்டதாரிக்குச் சமம்.

உட்கார்ந்து மெனுவைக்கூடத் தொடவில்லை. ஆறு சின்னத் தட்டுகள் வந்து இறங்கின. "நாங்க இன்னும் ஆர்டரே பண்ணலையே?" என்றேன்.

"இது ஓசிங்க மச்சான். பான்ச்சன்னு பேரு. தீரத் தீர வைப்பாங்க."

பி.காம். படித்தவன் மூளை உடனே வேலை செய்யும். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? விளம்பரச் செலவா, தர்மக் கணக்கா? யோசித்தால் புதுசே இல்லை. நம் மெஸ்ஸில் கூட்டு, பொரியல், ரசம் எல்லாம் கேட்கக் கேட்க வருகிறதே, அதே ஏற்பாடுதான். அந்த ஆறில் ஒன்று முளைகட்டின சோயா பயறு. பெயர் 'கோங்நாமுல்'. கோங் என்றால் அவர்கள் மொழியில் பயறாம். கொங்கு நாட்டான் முன்னால் கோங்நாமுல்! இன்னொன்று நெத்திலிக் கருவாட்டு வறுவல், ஆனால் சர்க்கரைப் பாகில் புரட்டியது. வாயில் போட்டதும் நாக்கு ஒரு நிமிஷம் குழம்பி, பிறகு சமாதானமாகிவிட்டது.

நடுவில் ராஜா மாதிரி கிம்ச்சி. முட்டைக்கோஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி நீளமாக ஒரு கோஸ் இருக்கிறது. அதை உப்பில் ஊற வைத்து, மிளகாய், பூண்டு, இஞ்சி தடவிப் புளிக்க வைப்பது. இதைப் புளிக்க வைப்பதில் முக்கியமான நுண்ணுயிர்க் குடும்பத்துக்கு லூக்கனாஸ்டாக் என்று பேர். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைக்கும் பார்ட்டியும் அதே குடும்பம்தான்! அந்த மிளகாய் மட்டும் என்ன, கொரியாவின் சொந்தச் சரக்கா? அமெரிக்காக் கண்டத்திலிருந்து கப்பலேறி நமக்கு வந்த மாதிரிதான் அவர்களுக்கும் வந்தது. கிம்ச்சி போடுவதற்காக ஊரே கூடுகிற வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் வீடுகளில் பெண்கள் கூடி வடகம் பிழிந்ததை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. போகட்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. 'தக்' என்று வந்தால் கோழி. 'த்வேஜி' என்றால் பன்றி. 'புல்கோகி' என்று மொட்டையாக இருந்தால் பெரும்பாலும் மாடு. வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. சுத்த சைவக்காரர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். கிம்ச்சியிலேயே பெரும்பாலும் இறால் உப்போ மீன் உப்போ சேர்ந்திருக்கும். ஜப்பான் கடையில் இன்னும் மோசம். பார்த்தால் தெளிந்த பருப்புத் தண்ணி மாதிரி இருக்கும் மிசோ சூப்பின் அடியில், சூரை மீனைப் புகை போட்டுக் காய வைத்துச் சீவிய சாறு இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு விளக்கவே வேண்டாம். மாசிக் கருவாடு, அவ்வளவுதான்!

ஜப்பான் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சென்னையில் நுங்கம்பாக்கம் டாலியா ரொம்ப வருஷமாகப் பேர் சொன்ன கடை. அங்கே ஜப்பான் கம்பெனிக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் பழகியதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் உள்ளே போனார்கள். இந்த மாதிரிக் கடைகளில் 'தெய்ஷோகு' என்று கேட்டால் சோறு, சூப், ஒரு மீனோ கறியோ, ஊறுகாய் என்று ஒரே தட்டில் முழுச் சாப்பாடு வரும். தனித்தனியாக ஆர்டர் செய்தால் சம்பளக் கவரோடு போக வேண்டும். சுஷி ஆசை இருந்தால் போனஸ் வரும் வரை காத்திருங்கள்.

குச்சி விவகாரம். கொரியாக்காரர்களுக்கு எவர்சில்வர் குச்சி. வழுக்கும். ஆனால் கூடவே நீளமாக ஒரு ஸ்பூனும் வைக்கிறார்கள். சோறு, சூப் இரண்டுக்கும் அதுதான். அதனால் மானம் போகாது. சோறு ஒட்டுகிற சோறு. நம் வீட்டில் இப்படி வடித்தால் "கொழைய விட்டுட்டியே!" என்று அன்றைக்கெல்லாம் பேச்சு விழும். பொன்னி அரிசியைக் குச்சியால் சாப்பிட முயன்றால் ராத்திரியாகிவிடும். அந்தச் சோற்றுக்குத்தான் அந்தக் குச்சி. ஒன்றே ஒன்று, குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது செத்தவர்களுக்குப் படைக்கிற முறை. மச்சினன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் முன்னால் அதைச் செய்துவிட்டு, அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்து, ராஜினாமா எழுதவே தயாராகிவிட்டானாம்.

நாங்கள் சாப்பிட்டது கோழி வறுவல் ஒன்று, பிபிம்பாப் ஒன்று. பிபிம் என்றால் பிசைவது, பாப் என்றால் சோறு. காய்கறி, முட்டை, மிளகாய் விழுது எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து அடிக்க வேண்டியதுதான். கதம்ப சாதம் சாப்பிட்ட எவனுக்கும் பயிற்சி தேவையில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று நாற்பது. மலிவு என்று சத்தியம் செய்ய மாட்டேன். மிளகாய்த் தூளிலிருந்து கடல்பாசி வரை கப்பலில் வருகிறது. ஆனால் ஆறு தட்டும் இரண்டு தடவை நிரம்பியதைக் கணக்கில் சேர்த்தால் நஷ்டம் என்று எழுத மனசு வரவில்லை.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். அவரை எல்லோரும் 'இமோ' என்று கூப்பிட்டார்கள். பேர் என்று நினைத்தேன். "சித்தி, பெரியம்மாங்கற மாதிரி மச்சான். அம்மா கூடப் பொறந்தவங்க" என்றான். நாம் மெஸ்ஸில் "அக்கா, இன்னொரு கரண்டி" என்கிறோமே, அது! அப்பாவுக்கு அவர்களும் 'அப்பா'தான். (உடனே கொரியன் தமிழிலிருந்து வந்தது என்று கிளம்ப வேண்டாம். ஜப்பானிய மொழிக்குத் தமிழ் உறவு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் வருஷக்கணக்கில் எழுதினார். மற்ற மொழி ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் தலையாட்டவில்லை.) பார்த்ததும் அவர்கள் கேட்பது, 'பாப் மோகொஸ்ஸோ?' சோறு தின்னாச்சா என்று அர்த்தம். எங்கள் ஊரில் "சாப்டாச்சுங்களா?" என்று கேட்காமல் எவனும் பேச்சை ஆரம்பிப்பதில்லை.

மூலை மேஜையில் ஐம்பது வயசு இன்ஜினீயர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆர்டர் கொடுக்கவில்லை, தானாகச் சாப்பாடு வந்தது. செல்போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்தார். திரையில் ஒரு சின்னப் பெண். நமக்கு மத்தியானம் ஒன்றென்றால் அங்கே சாயங்காலம் நாலரை. அப்பா கிண்ணத்தைத் தூக்கித் தூக்கிக் காட்ட, அது ஏதோ கேள்வி கேட்டது. இமோ போகிற போக்கில் குனிந்து போனில் பதில் சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே இன்னொரு கிண்ணம் சோறு வைத்துவிட்டுப் போனார்.

"தெனமும் இதானுங்க" என்றான் மச்சினன். "2020-ல கொரோனா வந்தப்ப நெறையப் பேரு தனி பிளைட்ல ஊருக்குப் போயிட்டாங்க. இவரு போகல. கடையும் சாத்திட்டாங்க. ரூம்ல பாக்கெட் நூடுல்ஸ்தான். மறுபடி தொறந்த அன்னிக்கு இவரு இந்த மேசைல உக்காந்து அழுதாரு. இமோ ஒண்ணுமே சொல்லல. டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சாங்க."

கொஞ்ச நேரம் நான் சாப்பிடவில்லை. பிறகு கேட்டேன், "சரி, உனக்கு யாரு மாப்ளே சோறு போடறா?"

"வாரம் பூரா கேன்டீன். ரூம் பக்கத்துல மெஸ்ஸு, மாசத்துக்கு ஒரு ஆளு கைமாறுது. ஞாயித்துக்கெழம இங்கதான். காசு கட்டாதுங்க... ஆனா நான் பாதிதான் ஆர்டர் பண்ணுவேன். இமோ முழுசா வைப்பாங்க."

1949-ல் டோக்கியோ கின்சாவில் ஏ.எம்.நாயர் என்ற நம் திருவனந்தபுரத்துக்காரர் நாயர்ஸ் என்று ஓட்டல் திறந்தார். அங்கே எந்தத் தனியாளுக்கு எத்தனை கிண்ணம் கூட விழுந்ததோ!

கிளம்பும்போது இமோ ஒரு பழைய காபித்தூள் பாட்டில் நிறையக் கிம்ச்சி கொடுத்தார். காசு வாங்கவில்லை. ராத்திரி ரயிலில் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியும், எதிர் பர்த் ஆசாமி ஈரோடு வரை என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவி முதலில் கேட்டது, "தம்பி ஒழுங்காச் சாப்பிடறானுங்களா?" பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, மூக்கைச் சுளித்து, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாம் நாள் பார்த்தால் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் பாட்டில் கழுவிக் கவிழ்த்தியிருந்தது. அதற்கடுத்த நாள் அதில் பருப்புப் பொடி இடித்து நிரப்பி, மூடிக்கு மேல் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"அந்த அம்மாளுக்குத்தான். குடுத்த பாட்டலை வெறுசாவா திருப்பித் தருவாங்க? நெய் ஊத்திப் பெசையோணும்னு அவனைச் சொல்லச் சொல்லுங்க."