முகமுகமாய்

நமது பங்கின் இளைஞர் ஒருவர் இணையவழியில் மூன்றாண்டுகள் பயின்று 2024-இல் பட்டம் பெற்றார். தந்தை கொத்தனார், விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லை. பகலெல்லாம் மருந்துக்கடையில் வேலை, இரவில் கைப்பேசியில் பாடம். விளங்காத பகுதியை மூன்று முறையும் கேட்பாராம். வகுப்பறையில் பேராசிரியரை மூன்றாம் முறை விளக்கச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? (குருமடத்தில் மூவொரு இறைவனைப் பற்றிய பாடத்துக்கு நாமும் விளங்காமலே தலையாட்டியிருக்கிறோம்.) ஞாயிறு திருப்பலியின் முடிவில் அவரைப் பீடத்தருகே அழைத்துப் பாராட்டினோம், மக்கள் கைதட்டினர்.

அன்று மாலை பங்கு இல்லத்துக்கு வந்தவரிடம் உடன் பயின்றோரைப் பற்றி வினவினோம். "அவர்களைத் தேர்வு மையத்தில்தான் பார்த்தேன், சாமி. அங்கே பேசக்கூடாதே" என்றார். தேர்வு முடிந்ததும் அவரவர் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவராம். இரண்டாம் ஆண்டில் படிப்பையே கைவிட இருந்ததையும் அன்றுதான் சொன்னார். நான்கு வாரங்கள் பாடத்தைத் திறக்கவேயில்லை. நினைவூட்டல்கள் தவறாமல் வந்தன, வீடு தேடி வந்து "என்னப்பா ஆயிற்று?" என்று கேட்கத்தான் ஒருவருமில்லை. அந்த நான்கு ஞாயிறும் அவர் நமது கோயிலின் கடைசி வரிசையில்தான் இருந்திருக்கிறார். நாமும் கேட்கவில்லை.

இக்குறையைக் கருவியின் தலையில் சுமத்துவது எளிது. 1971-இல் பாடம் தொடங்கிய பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் கற்பித்தது; ஆயினும் கோடையில் ஒரு வாரம் மாணவரை ஓரிடத்தில் கூட்டித் தங்கவைத்துப் பயிற்றுவித்தது. தொலைவிலிருந்து கற்பிக்க முனைந்தவர்களே கூடியிருத்தலின் தேவையை அறிந்திருந்தனர். நம் நாட்டில் 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' தளத்தில் பயில இடமளிக்கின்றன. பாடத்துக்கு இடமுண்டு, கூடுவதற்கான இடத்தை யார் அமைப்பது?

யோவானின் இரண்டாம் திருமுகம் மிகச் சிறியது. எழுதவேண்டியவை பல இருந்தும், தாளையும் மையையும் நாடாமல் நேரில் வந்து உரையாடவே அதன் ஆசிரியர் விழைகிறார். 2020 ஏப்ரலில் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது, திரையில் மட்டும் கூடும் நிலை இடர்க்காலத்துக்குரியதே, அது நிலைத்துவிடலாகாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் எச்சரித்ததும் நினைவுக்கு வருகிறது.

இப்போது சனி மாலைகளில் மறைக்கல்வி அறையை இத்தகைய மாணவருக்குத் திறந்து வைக்கிறோம். வெவ்வேறு பாடம் பயிலும் எழுவர் வருகின்றனர். அந்த இளைஞர்தாம் தேநீர் வாங்கி வருகிறார். முதல் மாதம் ஒவ்வொருவரும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தனர். சென்ற வாரம், கணக்கியல் வினா ஒன்றைப் பற்றி இருவர் செபமாலை நேரத்தில் உரத்த குரலில் வாதிட்டதாகக் கோயில்பிள்ளை வந்து முறையிட்டார்.